ஃபிளாக்கில் 5-ஆ, 8-ஆ? நீங்கள் எதில் நிறுத்தினீர்கள்?

சிடிக்களை எல்லாம் ஃபிளாக் (தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் வடிவம்) கோப்பாக மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

எம்பி3-யில் ஊறியவர்களுக்கு ஃபிளாக்கின் சுருக்க நிலைகளான 0 முதல் 8 வரை எண்களைப் பார்த்ததும், எண் கூடினால் தரமும் கூடும் என்றுதான் தோன்றும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. எந்த எண்ணில் சுருக்கினாலும் திரும்பக் கிடைப்பது பிட் பிசகாத அதே ஒலி. சுருக்கும் மென்பொருளான என்கோடர் எவ்வளவு மெனக்கெடும் என்பது மட்டும்தான் மாறும். முந்தைய சாம்பிள்களை (ஒலியைக் கணத்துக்குக் கணம் அளந்த எண்கள்) வைத்து அடுத்ததைக் கணித்து, கணிப்பு தவறிய அளவை மட்டும் எழுதி வைக்கிறது. 5-ல் முந்தைய 8 சாம்பிள்கள் வரை பார்க்கும், 8-ல் 12 வரை. ஒரே ஆல்பத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். அளவில் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. தனிப் புல்லாங்குழல் நன்றாகச் சுருங்குகிறது, எப்போதும் உச்ச சத்தத்தில் மிக்ஸ் செய்த பாட்டு அவ்வளவாக அசைவதில்லை. அந்த வித்தியாசத்துக்கு முன்னால் 5-ஆ 8-ஆ என்பதெல்லாம் ஒன்றுமே இல்லை.

வித்தியாசம் பெரிதாகத் தெரிந்த ஒரே இடம் பழைய மோனோ பதிவுகள். சிடியில் இடம், வலம் இரண்டிலும் ஒரே ஒலி இருக்கும். 0-விலும் 3-லும் இரு பக்கத்தையும் ஒப்பிடும் வேலை நடப்பதில்லை. அதனால் ஒரே ஒலியை இரண்டு தடவை எழுதி, கோப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. வேகமாக முடியட்டும் என்று 3-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நான் 5-லேயே இருந்துவிட்டேன்.

பதில்:
நான் 8. மாற்றுவது ஒரு தடவைதானே, ஓடட்டும். 2025-ல் வந்த ஃபிளாக் 1.5.0 பதிப்பில் ஒரே கோப்பைப் பல த்ரெட்களில், அதாவது வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில், சுருக்கலாம், எனவே நேரமும் பெரிய விஷயமாக இல்லை. ஆனால் ஏற்கெனவே 5-ல் இருப்பதைத் தோண்டி எடுத்து 8-க்கு மாற்றுவது வீண் வேலை.

பதில்:
எண்ணைவிட வெரிஃபை வசதிக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். சுருக்கும்போதே விரித்தும் பார்த்து, மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும். அப்புறம், கோப்பின் தலைப்பகுதியில் மூல ஒலியின் எம்டி5 (ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) பதிவாகிவிடுகிறது. என் பழைய ஹார்ட் டிஸ்க் தகராறு செய்ய ஆரம்பித்தபோது மொத்தத் தொகுப்பையும் டெஸ்ட் கட்டளையில் ஓட்டினேன். எது எது கெட்டது என்று பெயரோடு சொல்லிவிட்டது, அவற்றை மட்டும் பேக்கப்பிலிருந்து எடுத்தேன். சுருக்காத வேவ் கோப்பாக வைத்திருந்தால் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பதில்:
இடம் மிச்சமாகும் என்று மங்கீஸ் ஆடியோவின் (இதுவும் தரம் குறையாமல் சுருக்கும் இன்னொரு வடிவம்) உச்ச அமைப்பில் வைத்திருந்த ஒரு நண்பரின் தொகுப்பு என்னிடம் வந்தது. அளவு சிறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் சுருக்க எவ்வளவு உழைப்போ, ஏறக்குறைய அவ்வளவு உழைப்பு விரிக்கவும் வேண்டும். கையடக்க பிளேயர் திணறித் திணறிப் பாடியது, பேட்டரியும் கரைந்தது. ஃபிளாக்கில் எந்த எண்ணில் சுருக்கியிருந்தாலும் விரிப்பது லேசு. எல்லாவற்றையும் மாற்றி, விரித்த ஒலி இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்ட பிறகே பழையதை அழித்தேன்.

பதில்:
கொஞ்சம் விலகிய விஷயம். சிடியின் 16 பிட்டைவிட நுட்பமான 24 பிட் என்று சொல்லி விற்ற ஒரு ஆல்பம் வாங்கினேன். கோப்பின் அளவு என் சிடி நகலோடு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. அங்கேதான் சந்தேகம் வந்தது. 16 பிட் ஒலிக்குப் பின்னால் சும்மா பூஜ்யங்களை ஒட்டினால், ஃபிளாக் அதைக் கண்டுகொண்டு அந்த வீண் பிட்களைச் சேமிக்காமல் விட்டுவிடும். எடிட்டரில் திறந்தால் கடைசி 8 பிட்டும் காலி! பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.