மறுமொழி: குரூஸ் கன்ட்ரோலுக்குத் தமிழ்ச்சொல் (எஞ்சின் மாற்றிய வண்டியில் வைத்துப் பார்த்தால்)

குழுவினருக்கு வணக்கம். ஓட்டுநர் பதிந்த வேகத்திலேயே, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், வண்டியை ஓடவைக்கும் கருவிதான் குரூஸ் கன்ட்ரோல். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் மறுமொழி இது; '>' இட்ட வரிகள் மற்றவர்கள் எழுதியவை.

> "வேகக் கட்டுப்பாடு" என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. லாரி, பேருந்துகளில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகவிடாமல் தடுக்கும் கருவிக்குத்தான் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. அது உச்சவரம்பு வைக்கிறது. குரூஸ் கன்ட்ரோல் வரம்பே வைப்பதில்லை. மேட்டில் வண்டி தளர்ந்தால் திராட்டிலை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) திறக்கும், இறக்கத்தில் மூடும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பேசாமல் வழிவிட்டு, காலை எடுத்ததும் பழைய வேகத்துக்கே வந்து நிற்கும். இரண்டும் ஒரே வண்டியில் இருப்பதும் உண்டு. வயரிங் படத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் போட முடியாது.

'குரூஸ்' என்பதைப் பிடித்துக்கொண்டு 'உலா', 'பயணம்' என்று போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கருவியைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதிலேயே பார்வை இழந்தவர். 1950-இல் காப்புரிமை பெற்ற அவர் அதற்கு வைத்த வணிகப் பெயர் ஸ்பீடோஸ்டாட். தெர்மோஸ்டாட்டில் வரும் அதே 'ஸ்டாட்'. அதாவது ஓர் அளவை அசையாமல் வைத்திருப்பது. 1958-இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் கார்களில் 'ஆட்டோ பைலட்' என்று விற்றது. குரூஸ் கன்ட்ரோல் என்ற பெயர் அதற்கும் பிறகு பரவியது. கருவி என்ன செய்கிறது என்பதை டீட்டரின் பெயர்தான் சொல்கிறது. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

> என் முன்மொழிவு: சீர்வேகி

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் எதன் வேகம் என்று அது சொல்லவில்லை. எஞ்சின் மாற்றிய வண்டிக்கு இந்தக் கருவியைப் பொருத்தும் முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் முதல் பக்கத்திலேயே இடிக்கும் இடம் இதுதான். டீசல் பம்பில் இருக்கும் கவர்னரும் வேகத்தைச் சீராக வைப்பதுதான், ஆனால் அது பார்ப்பது எஞ்சின் சுழலும் வேகத்தை. குரூஸ் கன்ட்ரோல் பார்ப்பது வண்டி ஓடும் வேகத்தை. நிறுவனத்தில் இருந்து வந்தபடியே இருக்கும் வண்டியில் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாது. எஞ்சினை மாற்றியதும் எல்லாத் தொல்லையும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வேக உணரி பெரும்பாலும் கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டில் இருக்கும். தண்டு சுழலச் சுழல அது மின்துடிப்புகளை அனுப்பும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் மைலுக்கு 4,000 துடிப்பு என்பது பரவலான கணக்கு. புது எஞ்சினின் இசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) இதை எதிர்பார்க்கிறது, பழைய கியர்பாக்ஸோ அதில் பாதிதான் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 70 கிலோமீட்டரில் ஓடும், இசியூவுக்கு அது 35. மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டருக்குக் கீழே இந்தக் கருவி பொதுவாக வேலை செய்யாது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. வயர், ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் சரியாகவே இருக்கும். இதற்கு மாறாக, டயர் அளவு கொஞ்சம் மாறி ஸ்பீடோமீட்டர் நாலைந்து கிலோமீட்டர் தவறாகக் காட்டினாலும், பிடித்த வேகத்தைக் கருவி கச்சிதமாகவே பிடித்திருக்கும். ஏனென்றால் அதற்கு வேண்டியது உண்மையான வேகம் அல்ல, அழுத்திய நொடியில் வந்த துடிப்பு விகிதம் மாறாமல் இருப்பதுதான்.

அதனால் முதலில் இரண்டு வேகங்களைப் பிரித்துவிடலாம் என்கிறேன்: எஞ்சினுக்குச் சுழல்வேகம், வண்டிக்கு ஓடுவேகம். இரண்டும் வினைத்தொகை, சொல்லும்போதே பொருள் தெரிகிறது. கருவிக்கு ஓடுவேகப் பிடிப்பு. இடம் தெளிவாக இருந்தால் 'வேகப்பிடிப்பு' என்றே சுருக்கிக்கொள்ளலாம்.

> "பிடி" என்றால் பிரேக் பிடிப்பது போல் இருக்கிறதே?

நியாயமான ஐயம். 'வேகப்பிடி' என்று நின்றுவிட்டால் அந்தக் குழப்பம் வரும். 'ஓடுவேகப் பிடிப்பு' என்னும்போது ஓடிக்கொண்டிருப்பது சொல்லிலேயே இருக்கிறது, குழப்பம் பெரும்பாலும் போய்விடுகிறது. 'வேக நிலைப்படுத்தி' இலக்கணப்படி குறையில்லாதது, வோல்டேஜ் ஸ்டெபிலைசருக்கு வழங்கும் சொல்லோடும் பொருந்துகிறது. ஆனால் அதிலிருந்து பொத்தான்களுக்குப் பெயர் பிறக்காது. பிடிப்பில் பிறக்கிறது: வேகத்தைப் பதிய பிடி, கழற்ற விடு, பழைய வேகத்துக்குத் திரும்ப மீள்பிடி, ஏற்ற கூட்டு, இறக்க தணி. ஸ்டியரிங்கில் கட்டைவிரல் அகலப் பொத்தானில் எழுத இடம் போதும். பட்டறையில் பேசுகிறவரும் "மேட்டில் பிடிப்பு விட்டுப்போகுது" என்று இயல்பாகச் சொல்ல முடியும். என்னைப் பொறுத்தவரை ஒரு கலைச்சொல்லுக்கு இதுதான் சோதனை.

'விடு' என்ற சொல்லுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், உயிர் அதில் இருக்கிறது. பிரேக்கைத் தொட்டதும் பிடிப்பு விட வேண்டும். கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்சைத் தொட்டாலும் விட வேண்டும். இல்லையென்றால் சுமை இல்லாத எஞ்சினைக் கருவி மேலும் மேலும் முறுக்கும், சுழல்வேகம் எகிறும். தனியாக வாங்கிப் பொருத்தும் கருவிகள் சில, பிரேக் விளக்கின் இழை வழியாகத்தான் எர்த் (தரை இணைப்பு) இருக்கிறதா என்று பார்க்கின்றன. அதை எல்இடி விளக்காக மாற்றியிருந்தால் அந்த எர்த் கிடைக்காது, கருவி வேகத்தைப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு ரிலே சேர்த்தால் சரியாகும். ஆகவே பிரேக்கில் இருந்து வரும் அந்த வயருக்கு 'பிரேக் வயர்' என்பது போதாது, விடுப்பு வயர் என்றே படத்தில் குறிக்க விரும்புகிறேன்.

அப்புறம், திராட்டிலை அசைக்கும் பாகம். பழைய கருவிகளில் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு டயஃப்ரம் (வளையும் சவ்வு) கேபிளை இழுக்கும். அது டர்போ எஞ்சினில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது வலுவிழக்கும், நான்-ரிட்டர்ன் (ஒருவழி) வால்வும் வெற்றிடத் தொட்டியும் வேண்டும். திராட்டிலே இல்லாத டீசலில் வெற்றிடத்துக்குத் தனிப் பம்பு வேண்டும். இந்தப் பாகத்துக்கு இழுப்பான் என்று எழுதி வருகிறேன். ஆனால் மின்திராட்டில் உள்ள எஞ்சினில் இழுக்கக் கேபிளே கிடையாது. இசியூவே மோட்டாரைத் திருப்பிவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவாக 'இயக்கி' போடலாம் என்றால், மென்பொருள்காரர்கள் அதைக் கணினியில் வரும் 'டிரைவர்' என்னும் மென்பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'அசைப்பான்' ஒத்துவருமா? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள், வரைபடங்களை அதற்குப் பிறகு முடிக்கிறேன்.

அன்புடன்