வளவு வீடு குழு: அப்பச்சி நட்ட சிடார்

அழகப்பன் (டொராண்டோ): அப்பச்சி 2006-இல் இங்கே வந்திருந்தபோது வேலியோரம் நட்ட, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் நாலு சிடார் மரமும் நேற்று விழுந்த ஈரப்பனியில் விரிந்துபோய்விட்டன. படம் பாருங்கள். கட்டு அவிழ்ந்த விளக்குமாறு மாதிரி கிடக்கின்றன.

ஆத்தா: அய்யோ அப்பு, ஒடிந்துவிட்டதா? காலையில் காபி டம்ளரோடு அதன் பக்கத்தில்தானே நிற்பார்கள்.

அழகப்பன்: ஒடியவில்லை ஆத்தா. ஒரே அடியிலிருந்து நாலைந்து தண்டு கிளம்பும் மரம். நடுவில் பனி அடைந்து கனத்ததில் தண்டுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டன. மூன்றாவது மரத்தில் மட்டும் ஒரு கிளை கிழிந்து தொங்குகிறது.

சித்தப்பா: தம்பி, 2018 கஜா புயலில் ஆலங்குடிப் பக்கத்துத் தோப்பில் மா எல்லாம் சாய்ந்ததே, கிளையெல்லாம் கழித்து நிமிர்த்திவிட்டோம். தளிர்த்து வந்துவிட்டது. இதையும் பாதிக்கு வெட்டிவிடு.

வள்ளி: சித்தப்பா, அதை மட்டும் சொல்லாதீர்கள். மாவில் பட்டைக்கு அடியில் மொட்டு உறங்கிக் கிடக்கும், வெட்டினால் கிளம்பும். சிடார், சைப்ரஸ், ஜூனிபரில் பச்சை இல்லாத பழைய கட்டை பெரும்பாலும் தளிர்ப்பதே இல்லை. அதே மாதிரிப் பச்சை மாறாத யூ மரம் தளிர்க்கும், அது வேறு. கொடைக்கானலில் வேலை பார்த்தபோது பாதியில் வெட்டிய சைப்ரஸ் வரிசை ஒன்றைத் தினமும் கடந்து போவேன். வருடக்கணக்கில் பழுப்புக் கட்டையாகவே நின்றது. பார்க்க வயிறு எரியும்.

சித்தப்பா: படத்தில் சவுக்கு மாதிரி இருக்கிறதே என்று சொன்னேன்.

வள்ளி: சவுக்கு பூக்கிற மரம் சித்தப்பா, சிடார் பூக்காது, இனமே வேறு. அண்ணே, மேலே இன்னும் பனி இருக்கிறதா?

அழகப்பன்: உறைந்து ஒட்டியிருக்கிறது. துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தேன்.

வள்ளி: நிறுத்துங்கள்! உறைந்த கிளை கண்ணாடி மாதிரி ஒடியும். தானாக உருகட்டும். பனி பஞ்சாக இருக்கும்போதே, கீழிருந்து மேலாகத் துடைப்பத்தால் ஏந்தி உதறியிருக்க வேண்டும். அடுத்த முறை அப்படிச் செய்யுங்கள்.

வள்ளி: உருகியபின் பாதி தானாகவே எழும். எழாத தண்டுகளைச் சேர்த்துக் கட்டுங்கள். உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வருகிற இடத்தில், வெளியே தெரியாமல் உள்பக்கமாக. ஒரே நாளில் இழுத்து நிமிர்த்தாதீர்கள், முற்றிய தண்டு விரிசல் விடும். சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தண்டுகள் பிரியும் அடிக்கவட்டில் விரிசல் தெரிந்தால் நீங்கள் தொடவே வேண்டாம், மர வைத்தியம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

சித்தப்பா: கம்பி போடாதே தம்பி, பட்டையை அறுத்துவிடும். பழைய சைக்கிள் டியூப்தான் சரி.

வள்ளி: அதேதான் சித்தப்பா. தண்டு நிமிர்ந்தபின் டியூபையும் அவ்வப்போது தளர்த்திக் கட்ட வேண்டும், தண்டு பருக்குமே. ஓரிரு வருடத்தில் எடுத்துவிடலாம்.

அழகப்பன்: கிழிந்த கிளை?

வள்ளி: தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி புடைப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு, அதை ஒட்டி வெளியே அறுங்கள்.

சித்தப்பா: அறுத்த இடத்தில் போர்டோ பசை, அதான் அந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து, பூச வேண்டாமா? மாவுக்குப் பூசினோமே.

வள்ளி: இதற்கு வேண்டாம் சித்தப்பா. மரமே மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியில் பக்கத்துக் கிளையைச் சாய்த்துக் கட்டினால் மெல்ல அடைந்துவிடும்.

அழகப்பன்: அடுத்த பனிக்கும் இதே கதைதானா?

வள்ளி: பனிக்காலத்துக்கு முன்னால் மரத்தைச் சுற்றிக் கயிறு ஓட்டிவிடுங்கள். ஜப்பானில் கனசாவா ஊரில் கென்ரோகுயென் தோட்டம் இருக்கிறது. வருடா வருடம் நவம்பர் 1-ஆம் தேதி ஆரம்பித்துப் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டுகிறார்கள். நடுவில் கம்பம் நட்டு, உச்சியிலிருந்து கிளைக்குக் கிளை கயிறு இறக்குவார்கள். விரித்த குடை மாதிரி இருக்கும். யுகிட்சுரி என்று பெயர்.

ஆத்தா: அப்பு, அப்பச்சியின் பழைய வேட்டி பெட்டியில் இருக்கிறது. கிழித்து அனுப்பட்டுமா? மரத்துக்கு உறுத்தாது.

வள்ளி: கட்டுக்கு அடியில் சுற்ற நல்லது ஆத்தா.

அழகப்பன்: அனுப்ப வேண்டாம் ஆத்தா. அவர்கள் இங்கே விட்டுப்போனது ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. பனி உருகட்டும், கட்டிவிட்டுப் படம் போடுகிறேன்.