பலூ தம்பி எழுத்துரு தலைப்புக்கு மட்டும்தானா?

கேள்வி:
சிறுவர் கதைநூல் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். மும்பையின் ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய பலூ தம்பியை அட்டைத் தலைப்புக்குத் தேர்ந்தேன். முனைகள் உருண்டு தடித்து நிற்கும் அதன் அழகு மனத்தைக் கவர்ந்துவிட்டது. உள்பக்கங்களிலும் அதையே பயன்படுத்தலாமா?

பதில் 1:
வேண்டாம் என்பேன். கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் உள்வெளி சுருங்குவதால், சிறிய அளவில் அச்சிடும்போது சுழிகள் மையால் அடைபட்டு, இப்போதுதான் எழுத்துக்கூட்டும் குழந்தை ன எது, ண எது என்று தடுமாறும். தலைப்பில் இந்தச் சிக்கல் இல்லை.

பதில் 2:
முதலில் வந்த பலூ தம்பிக்கு ஒரே தடிமன்தான். பலூ தம்பி 2இல் 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்கள் உள்ளன; தலைப்புக்கு 800, கதைக்கு 400 என்று அமைத்தால் குடும்பச் சாயல் மாறாது. திறந்த உரிமம் என்பதால் கட்டணமும் இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. 400இல் ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.