மறுமொழி: மின்னஞ்சலில் ‘ஆர்க்கைவ்’: ‘எடுத்துவை’ என்று சொல்லலாமா?

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மின்னஞ்சல் சொற்களுக்கு நாம் ஆக்குகிற தமிழ்ச் சொற்பட்டியலில், ‘ஆர்க்கைவ்’ பொத்தானைக் ‘காப்பகப்படுத்து’ என்பதா ‘எடுத்துவை’ என்பதா என்பதுதான் பேச்சு.

> ‘காப்பகப்படுத்து’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அதை மாற்ற இப்போது என்ன தேவை வந்தது?

திருச்சி ஐயாவின் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன், மற்றச் சொற்களுக்குப் பிறகு வருகிறேன்.

கல்முனையில் நான் எடுக்கிற மின்னஞ்சல் வகுப்புக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வருகிறார்கள், கட்டாரிலும் லண்டனிலும் பிள்ளைகள் உள்ள அம்மாமார் வருகிறார்கள், ஒலுவிலுக்கோ வந்தாறுமூலைக்கோ பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லாருடைய இன்பொக்ஸும் நிரம்பி வழிகிறது. வங்கி அறிக்கை, விண்ணப்பத்துக்கு வந்த பதில், கடை விளம்பரம் எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒழுங்குபடுத்தத் தெரியாமல் அப்படி விட்டிருக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கைவைத்தால் கடிதம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நீக்கக்கூடிய ‘ஆர்க்கைவ்’ பொத்தான் கண்முன்னே இருந்தும், அதன் பெயர் அவர்களுக்கு எதையும் சொல்வதில்லை.

அந்தப் பொத்தான் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஜிமெயிலில் ஒரு கடிதத்தை ஆர்க்கைவ் செய்தால் அதிலிருந்து ‘இன்பொக்ஸ்’ என்ற அடையாளம் மட்டும் கழன்றுவிடும். கடிதம் ‘எல்லா அஞ்சலும்’ என்ற பகுதியில் அப்படியே இருக்கும், தேடினால் கிடைக்கும். அந்த உரையாடலுக்கு யாராவது புதிதாகப் பதில் அனுப்பினால் அது தானாக இன்பொக்ஸுக்குத் திரும்பி வந்துவிடும். அழித்த கடிதத்தின் கதை வேறு. அது குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்து, அப்புறம் நிரந்தரமாகப் போய்விடும். இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் விளங்கிவிட்டால் மின்னஞ்சலை ஒழுங்குபடுத்துகிற வேலையில் பாதி முடிந்த மாதிரி. அன்ட்ரொய்ட் போனில் கடிதத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளினால், அமைப்பை மாற்றாதவரை அது ஆர்க்கைவ்தான் ஆகும். கை பட்டுத் தள்ளுப்பட்ட கடிதத்தை “அழிஞ்சு போச்சு” என்று எண்ணிக் கவலைப்பட்டவர்கள் எத்தனை பேர்! திரையின் அடியில் சில நொடி தோன்றி மறைகிற சொல்தான் அந்த நேரத்தில் அவர்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டும்.

‘காப்பகம்’ அதைச் சொல்வதில்லை. காப்பகம் என்றால் பழைய ஆவணங்களைப் பூட்டிவைக்கிற கட்டடம் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் ஆதரவற்ற பிள்ளைகள் தங்குகிற இல்லம். நேற்று வந்த மின்சாரக் கட்டணக் கடிதத்தை அங்கே அனுப்ப யாருக்கும் மனம் வராது. இன்னொரு சங்கடமும் உண்டு. ‘காப்பகப்படுத்து’ ஒன்பது எழுத்து. சிறிய திரையில் அது பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

ஆனால் அந்தச் சொல்லை எறிந்துவிடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவுட்லுக் போன்ற மென்பொருள்களில் பழைய கடிதங்களைத் தனிக் கோப்பாகப் பிரித்து வேறிடத்துக்கு மாற்றுகிற வசதி நெடுங்காலமாக இருக்கிறது. அஞ்சல்பெட்டியில் இடம் குறைவாக இருந்த காலத்து ஏற்பாடு அது. ‘காப்பகம்’ அந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜீபி இடத்துடன் வந்தது. அப்போது மற்ற இலவச அஞ்சல் சேவைகள் கொடுத்தது சில எம்பி மட்டுமே. எதையும் அழிக்காமல் கண்ணிலிருந்து மட்டும் விலக்கிவைக்கிற பழக்கம் அந்த இடவசதியால்தான் பரவியது. செயல் மாறியபோதும் ஆங்கிலத்தில் பழைய பெயரே தங்கிவிட்டது. தமிழில் நாம் அந்தப் பெயரை இழுத்துக்கொண்டு போகவேண்டிய கட்டாயம் இல்லை.

> ‘பரணேற்று’ அழகாக இருக்கிறதே?

கோவை அக்காவின் இந்த முன்மொழிவு எனக்கும் பிடித்தது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் பரண் என்றதும் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்க வயலில் கட்டுகிற பரண்தான் முதலில் மனதில் வரும். உங்கள் ஊரில் பழைய சாமான் போகிற இடம், எங்களுக்கு இராமுழுக்கக் கண்விழித்துப் பார்த்திருக்கிற இடம். இரு கரைக்கும் பொதுவான சொல் வேண்டுமென்றால் இது சரிவராது.

என் பரிந்துரை ‘எடுத்துவை’. “காணி உறுதியை அலுமாரிக்குள்ள எடுத்துவை” என்று வீட்டில் சொல்வோம். பொருள் பத்திரமாக இருக்கிறது, வழியில் கிடக்கவில்லை, வேண்டும்போது எடுக்கலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. ஏவலாக இருப்பதால் பொத்தானுக்கும் பொருந்தும். செய்து முடித்த பிறகு ‘எடுத்துவைக்கப்பட்டது’ என்று காட்டலாம், தொகுப்புக்கு ‘எடுத்துவைத்தவை’ என்று பெயரிடலாம். போனில் தரவிறக்கிச் சேமிப்பதாக யாராவது எண்ணக்கூடும் என்ற தடை நியாயமானது. அதற்குத்தான் ‘சேமி’, ‘தரவிறக்கு’ ஆகியவை ஏற்கெனவே நிலைத்துவிட்டன. பக்கத்தில் அவையும் இருக்கும்போது குழப்பம் குறையும் என்று நம்புகிறேன்.

பேச்சுவழக்குச் சொல்லுக்குக் கலைச்சொல் தகுதி உண்டா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ‘அனுப்பு’, ‘அழி’, ‘தேடு’ எல்லாம் வீட்டுச் சொற்கள்தானே. 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் எங்கள் பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்தவர். அன்றைய தேவை பாடநூலுக்கான சொற்கள். பாடநூல் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரைவிலக்கணம் இருக்கும், அதை விளக்க ஓர் ஆசிரியர் இருப்பார். பொத்தானில் உள்ள சொல்லுக்கு அப்படி ஒரு துணையும் கிடையாது. அது தானே விளங்கவேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஃபில்டர்’ என்பதற்கு ‘வடிகட்டி’ நன்று, அப்படியே இருக்கட்டும். ‘லேபல்’ என்பதற்குக் ‘கோப்புறை’ கூடாது. ஒரு கடிதம் ஒரு கோப்புறைக்குள்தான் இருக்கும், ஆனால் ஒரே கடிதத்துக்கு ‘வங்கி’, ‘வீடு’ என்று இரண்டு லேபல் ஒட்டலாம். லேபலுக்குச் ‘சிட்டை’ எனக்குச் சம்மதம், பற்றுச்சிட்டை எழுதிப் பழகிய ஊர் இது. கடிதத்தை இப்போதைக்கு மறைத்து, குறித்த நேரத்தில் திரும்பக் காட்டுகிற ‘ஸ்னூஸ்’ என்பதற்கு ‘பிறகு காட்டு’ போதும். மட்டக்களப்பார் மட்டும் பேசிக்கொள்வதாக இருந்தால் ‘மறுகா காட்டு’ என்றே எழுதியிருப்பேன், அவ்வளவு ஆசை. ஆனால் மன்னாரிலும் மதுரையிலும் விளங்காது.

ஒரு விடயத்தை வகுப்பில் கட்டாயம் சொல்லவேண்டும், சொற்பட்டியலின் விளக்கக் குறிப்பிலும் அது வரவேண்டும்: எடுத்துவைப்பதால் இடம் மிச்சமாகாது. இலவசமாகக் கிடைக்கிற 15 ஜீபி, கூகிள் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். பெரிய இணைப்புள்ள வேண்டாத கடிதங்களை அழித்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கினால்தான் இடம் கிடைக்கும்.

எனக்கு இன்னும் பிடிபடாத சொல் ‘மியூட்’. அதுவும் கடிதத்தை இன்பொக்ஸிலிருந்து விலக்கும், ஆனால் புதுப் பதில் வந்தாலும் திரும்பக் கொண்டுவராது. பலபேர் கூடி வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போகிற உரையாடல்களுக்கு மிகவும் உதவும். ‘ஒலியடக்கு’ என்று போட்டால் போனின் சத்தத்தைக் குறைப்பது போலாகிவிடுகிறது. ‘எடுத்துவை’க்குப் பக்கத்தில் வைத்ததும் வித்தியாசம் தெரிகிற மாதிரி ஒரு சொல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
கல்முனையிலிருந்து