பி.ஏ. வரலாறு படித்துவிட்டு வணிகத் துறைக்குச் செல்லலாமா? கலைப் படிப்பு அங்கே எந்த வகையில் உதவுகிறது?

கேள்வி: கெடிலக்கரை, கடலூர்

என் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்திருக்கிறாள். பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், வரலாறு ஆகியவை அவள் எடுத்திருந்த பாடங்கள். பி.ஏ. வரலாறு படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். ஆனால் ஆசிரியர் பணிக்கோ அரசுத் தேர்வுகளுக்கோ போகும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஏதேனும் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து, பொறுப்பான நிலைக்கு உயர்ந்து, பின்னாளில் சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்கிறாள். வணிகத்துக்குப் போகிறவள் பி.காம். அல்லது பி.பி.ஏ. படிக்காமல் எதற்காக அசோகரையும் அக்பரையும் படிக்க வேண்டும் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எங்கள் பெரியப்பா யாரையும் கேட்காமலேயே மஞ்சக்குப்பத்திலுள்ள ஒரு கல்லூரியிலிருந்து பி.காம். விண்ணப்பத்தை வாங்கிவந்துவிட்டார்.

நான் டிப்ளமோ முடித்து, புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். கலைப் படிப்பு மனத்தை விரிவாக்கும், அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் பலர் வரலாறும் தத்துவமும் படித்தவர்கள் என்றெல்லாம் சொல்கிறார்கள். மனம் விரிவடைவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வகுப்பறையில் கற்கும் எந்தத் திறன், அலுவலகத்தின் எந்த வேலையில், எப்படிப் பயன்படுகிறது என்று யாராவது குறிப்பாக விளக்கினால்தான் வீட்டில் நான் பேச முடியும். வணிகத்தில் இருப்பவர்களும் கற்பித்தலில் இருப்பவர்களும் தங்கள் கருத்தைத் தெரிவிக்கும்படி வேண்டுகிறேன்.

மறுமொழி 1: முந்திரிக்காட்டார், பண்ருட்டி

தம்பி, நான் முந்திரிப் பருப்பு ஏற்றுமதித் தொழிலில் இருப்பவன். எங்கள் அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்த்துக்கொள்பவர் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த ஒரு பெண். அவருடைய வேலையை விவரித்தாலே உங்கள் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

வெளிநாட்டு வாங்குநர் தம் வங்கியின் மூலமாக எல்.சி. என்னும் உறுதிப் பத்திரத்தை அனுப்புகிறார். அதில் கேட்டிருக்கும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணம்), சான்றிதழ்கள் ஆகிய அனைத்தையும் கேட்டபடியே ஒப்படைத்தால் வங்கி பணம் தரும். இதற்கான பன்னாட்டு விதித்தொகுப்பு யூ.சி.பி. 600, 2007 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கிறது. ஆவணங்களைச் சரிபார்க்க அதற்கு அதிக அளவாக ஐந்து வங்கி வேலைநாட்கள் உண்டு. இன்வாய்ஸில் சரக்கைப் பற்றிய விவரிப்பு எல்.சி.யில் உள்ள விவரிப்போடு பொருந்தியாக வேண்டும். ஓர் ஆவணத்தில் உள்ள செய்தி இன்னோர் ஆவணத்தில் உள்ளதோடு முரண்படக் கூடாது. எல்.சி.யில் 'டபிள்யூ 320' என்ற தரம் குறிக்கப்பட்டிருந்து, அதாவது ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 பருப்புகள் வரை இருக்கும் தரம் குறிக்கப்பட்டிருந்து, இன்வாய்ஸில் 'டபிள்யூ 240' என்று தட்டச்சாகிவிட்டால், கொள்கலனில் இருக்கும் பருப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வங்கி பணத்தை நிறுத்திவைக்கலாம். வாங்குநர் அதையே சாக்காக வைத்து விலையைக் குறைக்கவும் கேட்பார்.

இந்த வேலைக்கு வேண்டியது ஒரு பத்தியை ஒவ்வொரு சொல்லாக வாசித்து, இங்கே சொன்னது அங்கே மாறியிருக்கிறதா என்று கவனிக்கும் பழக்கம். ஒரு கவிதையையோ நாடகத்தின் ஒரு காட்சியையோ மூன்று ஆண்டுகள் வரிவரியாக வாசித்துப் பழகியவருக்கு அது ஏற்கெனவே கைவந்திருக்கிறது. எஃப்.ஓ.பி. விலைக்கும் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) சி.ஐ.எஃப். விலைக்கும் (காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த விலை) உள்ள வேறுபாடு அவருக்கு முதலில் தெரியாதுதான். அதை நான் ஒரு பிற்பகலில் விளக்கிவிட்டேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசிப்பைக் கற்றுத்தர நான் முயன்றதுண்டு. அது நடக்கிற காரியமில்லை.

வரலாறு படிப்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். நம் பகுதித் தொழிற்சாலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதாது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கச்சாக் கொட்டை வர வேண்டும். 2018 நவம்பரில் தான்சானியாவில் வணிகர்கள் கொடுத்த விலை குறைவு என்று கூறி, அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் இராணுவத்தை இறக்கி விளைச்சல் முழுவதையும் அரசே வாங்கும்படி உத்தரவிட்டார். விலைப்பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது இடியாக இறங்கியது. ஒரு நாட்டில் விவசாயி, இடைத்தரகர், அரசு ஆகியோருக்கிடையே எப்படிப்பட்ட உறவு இருக்கிறது, தேர்தலுக்கு முன்பு ஆட்சியாளர் யாரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்றெல்லாம் கேட்டுப் பழகியவர், கொள்முதல் மேசையில் உட்கார்ந்தால் வேறு மாதிரி முடிவெடுப்பார். நீங்களே கொள்முதல் பிரிவில் இருப்பதால் இது உங்களுக்கு நன்றாகவே புரியும்.

மறுமொழி 2: முத்தியால்பேட்டைவாசி, புதுச்சேரி

மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பல ஆண்டுகளாக ஆள்தேர்வுப் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்தச் சித்திரத்தின் மறுபக்கத்தையும் காட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அமெரிக்கத் தலைவர்களின் பட்டியல். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தை நடத்திய கென்னத் செனால்ட் வரலாறு படித்தவர் என்பது உண்மை. ஆனால் அதன் பிறகு அவர் ஹார்வர்டில் சட்டம் படித்தார். பிராக்டர் அண்ட் கேம்பிள் தலைவராக இருந்த ஏ.ஜி. லாஃப்லியும் வரலாற்று மாணவர். பின்னர் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தார். ஹியூலட் பேக்கார்டின் கார்லி ஃபியோரினா ஸ்டான்ஃபோர்டில் இடைக்கால வரலாறும் தத்துவமும் படித்துவிட்டு எம்.பி.ஏ.வும் படித்தார். யூடியூபின் தலைவராக இருந்த சூசன் வோஜ்சிக்கியும் அப்படித்தான்: முதலில் வரலாறும் இலக்கியமும், பிறகு பொருளியல் முதுகலை, அதன் பிறகு எம்.பி.ஏ. இரண்டாவது பட்டத்தை மறைத்துவிட்டு முதல் பட்டத்தை மட்டும் பாராட்டுவது நேர்மையான வாதமாகாது. வரலாறு படித்துவிட்டு எங்கும் உயராமல் போனவர்களைப் பற்றி யாரும் பட்டியல் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து, அங்குள்ள படிப்பும் இங்குள்ள படிப்பும் ஒன்றல்ல. அமெரிக்கக் கலைக் கல்லூரி ஒன்றில் நான்கு ஆண்டுகள். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் முதன்மைப் பாடத்தை முடிவு செய்கிறார்கள், அதற்குள் கணிதம், அறிவியல், மொழி, சமூகவியல் என்று பலவற்றையும் தொட்டுவிடுகிறார்கள். வகுப்புக்கு வகுப்பு கட்டுரை எழுதித் திருத்தம் பெறுகிறார்கள். நம் பி.ஏ.வில் சேரும் நாளிலேயே பாடம் முடிவாகிவிடுகிறது. தமிழும் ஆங்கிலமும் உண்டு, துணைப்பாடம் உண்டு. ஆனால் புள்ளியியலைத் தொடாமலேயே ஒரு மாணவி வரலாற்றுப் பட்டம் பெற்றுவிட முடியும். தேர்வுக்கு முந்தைய வாரம் வினா விடைக் கையேட்டை மனப்பாடம் செய்தே முதல் வகுப்பு வாங்கியவர்கள் என்னிடம் நேர்காணலுக்கு வருகிறார்கள். அவர்களிடம் நீங்கள் சொல்லும் வாசிப்புத் திறனும் இல்லை, பி.காம். மாணவரிடம் இருக்கும் கணக்கறிவும் இல்லை.

கதவுகள் மூடியிருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. வங்கி அதிகாரிகளுக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரிகளின் நுழைவுக்கான கேட் (CAT) தேர்வுக்கும் எந்தப் பட்டமும் போதும், பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அத்தேர்வின் முதற்பகுதியே வாசிப்புத் திறனைச் சோதிப்பதுதான். பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைக்கு நேரடியாகச் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடும், கலைப் பட்டதாரிக்கு 60 விழுக்காடும் கேட்கிறார்கள். ஆனால் பட்டம் முடித்த கையோடு புதுச்சேரியில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் வேலை தேடினால், விண்ணப்பங்களைப் பிரிக்கும் மேசையிலேயே பி.ஏ.வைத் தனியாக ஒதுக்கிவைக்கும் வழக்கம் இருக்கிறது. நான் அதைச் சரி என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுமொழி 3: லாஸ்பேட்டை ஆசிரியர் (பணி நிறைவு)

நண்பர் கையேட்டு மனப்பாடத்தைப் பற்றி எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். ஆனால் பாடத்தை ஒழுங்காக நடத்தும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

நம் ஊரில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை வணிகர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாகவும், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, சரக்கு விவகாரம், ஆளுநர் மாளிகைப் பேச்சு, போர் எல்லாம் அதில் இருக்கின்றன. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்த காலத்துப் பக்கங்களை மாணவர்களிடம் கொடுத்து, இதில் இவர் தம் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, சொன்னவருக்கு அதனால் என்ன ஆதாயம், இவர் எழுதாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று பிரித்து எழுதச் சொல்வேன். துய்ப்ளேயின் தயவில் இருக்கும் ஒருவர், துய்ப்ளேக்கும் கடற்படைத் தலைவர் லா பூர்தொனேக்கும் இடையே நடந்த சச்சரவை எழுதும்போது அவருடைய எழுத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று மாணவர்கள் அடித்துக்கொள்வார்கள். ஒரு விற்பனைப் பிரதிநிதி, 'இந்தக் காலாண்டில் சந்தை மந்தம், அதனால் இலக்கை எட்டவில்லை' என்று அறிக்கை கொடுக்கும்போது மேலாளர் கேட்க வேண்டியவையும் இதே கேள்விகள்தாம். கெடிலக்கரைத் தம்பி கேட்ட 'எந்தத் திறன், எந்த வேலையில்' என்பதற்கு என் விடை இதுவே: சான்றை எடைபோடுவது, அறிக்கையை வாசிப்பதில்.

நிறுவனங்களே இதை விலைகொடுத்து வாங்கிப் பார்த்த கதையும் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா பெல் தொலைபேசி நிறுவனம் 1953-இல், தன் இளம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் பத்து மாதங்கள் முழுநேரமாக அனுப்பியது. இலக்கியம், தத்துவம், வரலாறு, ஓவியம், இசை ஆகியவையே பாடங்கள். தொலைபேசியைப் பற்றி எதுவும் இல்லை. தொழில்நுட்பப் பயிற்சியிலேயே வளர்ந்து மேலே வந்தவர்கள் கொடுக்கப்பட்ட கணக்குக்கு விடை காண்கிறார்களே தவிர, எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்பது நிறுவனத்தின் கவலை. பயின்றவர்கள் தன்னம்பிக்கையும் அறிவார்வமும் பெற்றுத் திரும்பினார்கள். ஆனால் நிறுவனத்தின் இலாபத்தைக் குடும்பத்துக்கும் ஊருக்கும் மேலாக வைக்கும் ஆர்வம் அவர்களிடம் குறைந்துவிட்டது என்பதும் மதிப்பீட்டில் தெரியவந்தது. 1960-க்குள் அத்திட்டம் முடிவுக்கு வந்துவிட்டது. கலைப் படிப்பு நிறுவனத்துக்கு நல்ல பணியாளரைத் தரும் என்பது பாதி உண்மை; சில வேளைகளில் 'இதை ஏன் செய்ய வேண்டும்' என்று கேட்கும் பணியாளரையும் தந்துவிடும். என்னைப் பொறுத்தவரை அதுவும் நன்மைதான், முதலாளிமார்கள் ஒப்புக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

செனால்டும் லாஃப்லியும் பிறகு வேறு பட்டம் பெற்றார்கள் என்று நண்பர் சொன்னது என் வாதத்தைக் கெடுக்கவில்லை. தொழில் நுணுக்கத்தை இரண்டு மூன்று ஆண்டுகளில் மேலே சேர்த்துக்கொள்ள முடிகிறது என்பதையே அது காட்டுகிறது.

கெடிலக்கரை (கேள்வியாளர்)

மூவருக்கும் மிக்க நன்றி. எங்கள் வீட்டில் பணவசதி குறைவு, எம்.பி.ஏ. படிக்க வைப்போம் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது. மூன்று ஆண்டுகள் முடிந்ததும் அவள் வேலைக்குப் போக வேண்டியிருக்கலாம். அப்படியானால் முத்தியால்பேட்டை நண்பர் குறிப்பிட்ட அந்த ஒதுக்கிவைக்கும் மேசையைத் தாண்டுவதற்கு என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 4: முத்தியால்பேட்டைவாசி

உங்கள் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்திருக்கிறாள் என்பதை முதலில் நான் போதிய அளவு கவனிக்கவில்லை. அது பெரிய சாதகம். இரட்டைப் பதிவு முறையும் இருப்புநிலைக் குறிப்பும் தெரிந்த ஒரு வரலாற்று மாணவியை, எதுவும் தெரியாத பி.ஏ. பட்டதாரியோடு நான் ஒன்றாக வைக்க மாட்டேன். அந்த அறிவு மூன்றாண்டில் மங்கிவிடாதபடி, விடுமுறைகளில் டாலி என்னும் கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. கணக்கும், எக்செல்லும் கற்றுக்கொள்ளட்டும். முடிந்தால் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலோ கடையிலோ பகுதிநேரமாக உட்காரட்டும். விண்ணப்பத்தில் பட்டத்தின் பெயருக்குக் கீழே இவை இருந்தால் மேசையைத் தாண்டிவிடலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், மூன்றாம் ஆண்டு மாணவியர் எழுதிய ஒரு திட்டக் கட்டுரையைக் காட்டும்படி துறையில் கேளுங்கள். ஆசிரியர் சிவப்பு மையில் ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அத்தகைய துறை கிடைக்காவிட்டால், வரலாற்றைத் தனியே வாசித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பெரியப்பா வாங்கிவந்த விண்ணப்பத்தையே நிரப்புங்கள் என்பதுதான் என் யோசனை.

மறுமொழி 5: முந்திரிக்காட்டார்

கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. விருப்பமில்லாத பாடத்தில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்தவர்களும் என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். அவர்களும் கையேட்டைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். தம்பி, முதலாண்டு விடுமுறையில் தங்கைக்கு ஏற்றுமதி ஆவண வேலையை நேரில் பார்க்க விருப்பமிருந்தால் இங்கே தெரிவியுங்கள். பருப்புப் பருவத்தில் எங்களுக்கும் ஆள் தேவைப்படும்.