வரிக்கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்று வந்தவர்கள்: நம் அனுபவங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

பல நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வரி பாக்கி இருக்கிறது என்று வெளியே சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். ஊரில் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. அந்தக் கூச்சத்தில்தான் இந்த நிறுவனங்கள் பிழைக்கின்றன.

பத்து வருடம் டபிள்யூ-2 சம்பளத்தில் இருந்துவிட்டு 2021-ல் 1099 கான்ட்ராக்டுக்கு மாறினேன். அதுவரை கம்பெனியே வரியைப் பிடித்துக் கட்டிவந்ததால், இனி வருடத்துக்கு நான்கு தவணையாக நாமே கட்ட வேண்டும் என்பது மண்டையில் ஏறவில்லை. 2021, 2022 இரண்டு வருடத்துக்கும் ரிட்டர்ன் போட்டேன்; பணம் கட்டவில்லை. அபராதம், வட்டி எல்லாம் சேர்ந்து 38,000 டாலர். 2024 ஏப்ரலில் ஐஆர்எஸ் (அமெரிக்க மத்திய வரித்துறை) என் பெயரில் லியன் நோட்டீஸ் பதிவு செய்தது; பாக்கிக்காக என் சொத்தின் மேல் அரசுக்கு உரிமை உண்டு என்ற அறிவிப்பு அது.

லியன் நோட்டீஸ் என்பது கவுண்டி அலுவலகத்தில் பதிவாகும் பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இது எனக்குத் தெரியாது. ஐஆர்எஸ் அனுப்பிய கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே இந்த நிறுவனங்களின் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே வாரத்தில் ஒன்பது. அதில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். பழுப்பு நிற ஜன்னல் உறை. உள்ளே எங்கள் கவுண்டியின் பெயர், கேஸ் நம்பர், பார்கோடு, பாக்கித் தொகை டாலர் பிசகாமல். தலைப்பு 'டிஸ்ட்ரெயின்ட் வாரண்ட்', அதாவது ஜப்தி ஆணை. அனுப்பியது அரசாங்கம் இல்லை என்ற விவரம் பின்பக்கத்தில் கடுகு போன்ற எழுத்தில். மனைவி சமையலறையில் நின்றபடி அதைப் படித்தாள். குக்கர் விசில் மேல் விசில் அடித்துக்கொண்டிருந்தது, அவள் அடுப்பை அணைக்கவே இல்லை.

அதில் இருந்த நம்பருக்கே போன் செய்தேன். பேசியவர் நயமாகப் பேசினார். கேட்டது இரண்டே கேள்வி: எவ்வளவு பாக்கி, எங்களுக்கு மாதம் எவ்வளவு கட்ட முடியும். சொந்த வீடா, 401கே ஓய்வுக்காலச் சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது, பிள்ளைகள் எத்தனை பேர், எதையும் கேட்கவில்லை. கேட்காமலே, "ஃப்ரெஷ் ஸ்டார்ட் திட்டத்துக்கு நீங்கள் தகுதியானவர், நாலாயிரத்துக்குள் முடித்துவிடலாம், இந்த மாதத்தோடு வாய்ப்பு போய்விடும்" என்றார். ஃப்ரெஷ் ஸ்டார்ட் 2011-ல் ஐஆர்எஸ் கொண்டுவந்து அடுத்த வருடம் விரிவாக்கிய சில சலுகைகளின் பெயர். மாதக் கடைசியில் மூடுகிற கடை அல்ல அது. அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

முதலில் 'விசாரணைக் கட்டம்' என்று 495 டாலர். பத்து நாளில் 'தீர்வுக் கட்டம்' என்று 4,200 டாலர், மூன்று தவணையாக. பணம் போனதும் இனிமையாகப் பேசியவர் காணாமல் போனார். நான்கு மாதத்தில் மூன்று கேஸ் மேனேஜர் மாறினார்கள், மூவரும் அதே பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஜூலையில் ஐஆர்எஸ்-இடமிருந்து எல்டி11 என்ற கடிதம் வந்தது, ஜப்திக்கு முன் வரும் கடைசி எச்சரிக்கை. போட்டோ எடுத்து அனுப்பினேன். "எங்களிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் ஐஆர்எஸ்-உடன் பேச வேண்டாம்" என்று ஒரு வரி பதில்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை பட்டேல் பிரதர்ஸில் அரிசி மூட்டையோடு நின்றபோது கார்டு வேலை செய்யவில்லை. பேங்க் கணக்கில் லெவி, அதாவது ஜப்தி. ஆறாயிரத்துச் சொச்சம் முடங்கிவிட்டது. பேங்க் அதை 21 நாள் வைத்திருந்து பிறகுதான் ஐஆர்எஸ்-க்கு அனுப்பும், அந்த அவகாசம்தான் என்னைக் காப்பாற்றியது.

மறுநாள் நானே ஐஆர்எஸ்-க்குப் போன் செய்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தபின் ஒரு அம்மா எடுத்தார். "உங்கள் கணக்கில் பாக்கியைக் குறைத்துக் கட்டக் கேட்கும் எந்த சமரச விண்ணப்பமும் வரவில்லை. 8821 படிவம் மட்டும் இருக்கிறது. அதை வைத்து உங்கள் விவரத்தைப் பார்க்கலாம், உங்களுக்காகப் பேச முடியாது" என்றார். ஆறு மாதம், 4,695 டாலர், ஒரே ஒரு படிவம். அந்த அழைப்பிலேயே 72 மாதத் தவணை போட்டுக்கொடுத்து, லெவியை விடுவிக்கும் கடிதத்தையும் பேங்குக்கு ஃபேக்ஸ் செய்தார். பாக்கி 50,000 டாலருக்குள் இருந்தால் இதை இணையத்தில் நாமே செய்யலாமாம். பேங்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கச் சொன்னால் கட்டணம் 22 டாலர்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பிளேனோ, டெக்சஸ்

அண்ணா, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். என்னுடையது சம்பள வரி விவகாரம். சின்ன உணவகம், ஏழு பேர் வேலை. கோவிட் நேரத்தில் வேலையாட்கள் சம்பளத்துக்காக 941 படிவத்தில் கணக்குக் காட்டிக் கட்டும் வரியை இரண்டு காலாண்டு கட்ட முடியவில்லை. ரேடியோ விளம்பரம் கேட்டு ஒரு இடத்துக்குப் போனேன். "பழைய கணக்கு தீரும்வரை புதிதாகக் கட்ட வேண்டிய சம்பள வரி டெபாசிட்டை நிறுத்துங்கள், அந்தப் பணத்தில் எங்கள் கட்டணத்தைக் கட்டுங்கள்" என்றார்கள். நம்பினேன். நடப்பு டெபாசிட் தவறினால் சமரசமும் கிடையாது, தவணையும் நிலைக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. அதைவிட மோசம், வேலையாட்கள் சம்பளத்தில் பிடித்த வரி அவர்களுடைய பணம். கடை எல்எல்சி-யாக (கடையின் கடன் முதலாளி தலையில் விழாத கம்பெனி அமைப்பு) இருந்தாலும் அந்தப் பங்கை என் சொந்தத் தலையில் போடலாம், போட்டார்கள். இரண்டு காலாண்டு பாக்கி ஐந்து காலாண்டு ஆனது. இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சான் ஹோசே, கலிபோர்னியா

எங்கள் வீட்டில் பாக்கியே இல்லை. ஆனாலும் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அப்பாவின் போனில் ஒரு வாய்ஸ்மெயில்: "உங்கள் வரிக்கடன் கோப்பு மறுபடி திறக்கப்பட்டுள்ளது, இன்றே அழையுங்கள்." அப்பா நாற்பது வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஒருவரிடம் ஒரு ரூபாய் கடன் வைத்ததில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு ஏதாவது பணக் கஷ்டமாப்பா?" என்று கேட்டார். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள், இப்படிப் பொத்தாம்பொதுவாக வரும் போன்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஹூஸ்டன், டெக்சஸ்

பன்னிரண்டு வருடமாக என்ரோல்டு ஏஜென்டாக, அதாவது ஐஆர்எஸ்-இடம் மற்றவர்களுக்காகப் பேச லைசென்ஸ் பெற்ற வரி நிபுணராக இருக்கிறேன். லைசென்ஸ் வாங்கும் முன் ஒன்றரை வருடம் இப்படி ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் மாடியில் அறுபது பேர் போன் பேசுவார்கள், லைசென்ஸ் உள்ளவர்கள் நான்கு பேர். போன் பேசுபவர்களுக்குக் கமிஷன். யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் லியன் பதிவுகளிலிருந்து காலையிலேயே வந்துவிடும்.

இது புதிதும் இல்லை. எங்கள் ஊர் டாக்ஸ்மாஸ்டர்ஸ் நாடு முழுக்க டிவி விளம்பரம் செய்த நிறுவனம். 2010-ல் டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். 2012-ல் அது திவாலானது, அதே வருடம் 195 மில்லியன் டாலர் தீர்ப்பு. கலிபோர்னியாவில் 'டாக்ஸ் லேடி' என்று விளம்பரங்களில் வந்த ரோனி டாய்ச் மீது 2010-ல் 34 மில்லியன் கேட்டு மாநிலம் வழக்குப் போட்டது, மறு வருடம் அவர் வக்கீல் லைசென்ஸை விட்டுக்கொடுத்தார். பெவர்லி ஹில்ஸின் அமெரிக்கன் டாக்ஸ் ரிலீஃப் மீது நடவடிக்கை எடுத்தது நுகர்வோரைப் பாதுகாக்கும் மத்திய அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன். பெயர்கள் போய்விட்டன, பேச்சு அப்படியே இருக்கிறது.

எடிசன் தம்பி சொன்ன அந்த இரண்டு கேள்வியைக் கவனியுங்கள். சமரசம், அதாவது ஓஐசி, பேரம் பேசி வாங்குவது அல்ல. அது ஒரு கணக்கு. வீடு, கார், சேமிப்பை அவசரமாக விற்றால் என்ன கிடைக்கும், அதில் கடன் போக மிச்சம் எவ்வளவு. மாதச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு, அதைப் பன்னிரண்டால் பெருக்கு (ஐந்து மாதத்துக்குள் கட்டுவதாக இருந்தால்). இரண்டையும் கூட்டி வரும் தொகைக்குக் கீழே ஐஆர்எஸ் பொதுவாக இறங்காது. வீட்டைப் பற்றிக் கேட்காமல் "நாலாயிரம்" என்று சொல்ல என்னாலும் முடியாது, யாராலும் முடியாது. 2022 நிதியாண்டில் 36,022 பேர் விண்ணப்பித்து 13,165 பேருக்குத்தான் கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்குமா என்று பார்க்க ஐஆர்எஸ் தளத்திலேயே இலவசக் கணிப்பான் இருக்கிறது. தேறாத விண்ணப்பத்தைப் போட்டால் 205 டாலரும், மொத்தமாகக் கட்டும் முறையில் முன்பணமாக வைக்கும் 20 சதவீதமும் திரும்ப வராது. வரி வசூலிக்க ஐஆர்எஸ்-க்கு உள்ள பத்து வருடக் கெடுவும் விண்ணப்பம் கிடக்கும் வரை ஓடாமல் நிற்கும்.

எல்டி11 பற்றித்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கடிதத்துக்கு 30 நாளுக்குள் 12153 படிவத்தில் விசாரணை கேட்டிருந்தால் லெவியே வந்திருக்காது. ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பும் வேலை.

உதவி தேவை என்றால் சிபிஏ (லைசென்ஸ் உள்ள கணக்காளர்), வக்கீல், என்ரோல்டு ஏஜென்ட் மூவரில் ஒருவரிடம் போங்கள். உங்களுக்காகப் பேச அதிகாரம் தரும் 2848 படிவத்தில் யார் பெயர் வரும் என்று கேளுங்கள், அந்த ஆளிடமே பேசுங்கள். ஒழுங்காக வேலை செய்யும் நிறுவனங்களும் இருக்கின்றன, அவர்கள் முதல் போனிலேயே தொகை சொல்வதில்லை. வருமானம் குறைவு என்றால் பல ஊர்களில் சட்டக் கல்லூரிகள் நடத்தும் வரி உதவி மையங்களில் இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ வாதாடுவார்கள்.

பிளேனோ தம்பி, உங்கள் கணக்கை ஒருமுறை பார்க்கிறேன். பணம் வேண்டாம்.

எடிசன், நியூ ஜெர்சி

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு அந்த எல்டி11-ஐ எடுத்துப் படித்தேன். 30 நாள் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பயத்தில் கடிதத்தின் தொகையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

சிலர் பணம் திரும்பியதா என்று கேட்டிருந்தீர்கள். கிரெடிட் கார்டு கம்பெனியில் ஆட்சேபம் பதிவு செய்ததில் கடைசித் தவணை 1,400 டாலர் மட்டும் வந்தது. மாநில நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறேன், அந்தப் பழுப்பு உறையையும் நகலெடுத்து இணைத்தேன்.

முந்தைய மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் முதல் தவறுக்கான அபராதத்தை ஐஆர்எஸ் தள்ளுபடி செய்யும் என்று இன்னொருவர் தனியாக எழுதியிருந்தார். அப்படிப் பார்த்தால் எனக்கு 2021-க்குக் கிடைக்கலாம், 2022-க்குக் கிடைக்காது. போனிலேயே கேட்கலாமாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு லைன் திறந்ததும் கூப்பிடுகிறேன். மனைவியும் லீவு போட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன் என்றாள். என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே இங்கே எழுதுகிறேன்.