ஒரே ரோட்டார் இரண்டு பம்பில்: ட்ரீ லிஸ்டில் எப்படிக் காட்டுவது?

பம்ப்செட்_புரோகிராமர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கோவையில் மோனோபிளாக் பம்பு செய்கிற ஒரு சின்னப் பட்டறைக்கு ஸ்டோர்ஸ் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சி ஷார்ப் மொழி, திரைகளுக்கு வின்ஃபார்ம்ஸ், பின்னால் டேட்டாபேஸாக எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். இதுவரை தொல்லை இல்லாமல் ஓடியது. இப்போது முதலாளி புதிதாக ஒரு திரை கேட்கிறார்: பம்பைத் திறந்தால் அசெம்பிளி, அதைத் திறந்தால் பாகங்கள், பக்கத்திலேயே எண்ணிக்கை, இருப்பு, விலை.

கிளை கிளையாகத் திறந்து காட்டுகிற சாதாரண ட்ரீவியூவில் பத்திகள் (காலம்) கிடையாது. அதனால் ஆப்ஜெக்ட்லிஸ்ட்வியூ லைப்ரரியில் இருக்கிற ட்ரீலிஸ்ட்வியூவை எடுத்தேன். டேபிள் இரண்டுதான். ஒன்றில் பாகங்கள்: எண், பெயர், விலை, இருப்பு. இன்னொன்றில் எந்தப் பாகத்துக்குள் எந்தப் பாகம், எத்தனை. இரண்டாவதில் சுமார் 9,400 ரெக்கார்டு இருக்கிறது.

வந்த வினைகள்:

1 எச்பி வீட்டு பம்பு, 1 எச்பி தோட்டத்து பம்பு இரண்டுக்கும் ஒரே ரோட்டார் அசெம்பிளிதான். வீட்டு பம்பில் ரோட்டாரின் கூட்டல் குறியை அழுத்தினால் தோட்டத்து பம்பில் திறக்கிறது. சில சமயம் இரண்டிலும் திறக்காது. ஒரு தடவை திறந்து மூடினால் பட்டியலே குழம்பிவிடுகிறது.

இன்னொன்று இதைவிட மோசம். எம்8 போல்ட் கேசிங்கில் 4, மோட்டார் பாடியில் 6. திரையில் இரண்டு இடத்திலும் 6 என்றே வருகிறது. ஸ்டோர்ஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தக் கணக்குப்படி போல்ட் எடுத்துக் கொடுத்தா சாயங்காலம் நான் போல்ட்டோடதான் வீட்டுக்குப் போகணும்" என்றார்.

இது போதாதென்று ஸ்க்ரோல் செய்தால் திக்கித் திக்கி நகர்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட் எழுதியது:

அண்ணா, அதே லைப்ரரியில் டேட்டாட்ரீலிஸ்ட்வியூ என்று ஒன்று இருக்கிறதே. கீ (ரெக்கார்டின் எண்) எது, பேரன்ட் கீ (அதன் தகப்பன் ரெக்கார்டின் எண்) எது, ரூட்டின் (மரத்தின் உச்சி) மதிப்பு என்ன என்று மூன்றைச் சொல்லிவிட்டு டேட்டாடேபிளைக் கொடுத்தால் மரத்தை அதுவே கட்டிக்கொள்ளும். இல்லையென்றால் எஸ்க்யூஎல் சர்வர் 2008-இல் வந்த ஹயரார்க்கிஐடி, ஒரு ரெக்கார்டு மரத்தில் எந்த இடம் என்று சேமிக்கிற டேட்டா வகை. நம் ஆபீஸில் ஊழியர் பட்டியலுக்கு அதைத்தான் வைத்திருக்கிறோம், அருமையாக ஓடுகிறது.

பழைய_டெல்பி எழுதியது:

தம்பி நைட்ஷிப்ட் சொன்னது ஊழியர் பட்டியலுக்குச் சரி. ஓர் ஊழியருக்கு ஒரே மேலாளர். டிபார்ட்மென்ட், கணக்குத் தலைப்பு எல்லாம் அப்படித்தான், ஒரு ரெக்கார்டுக்கு ஒரே தகப்பன். பேரன்ட் கீ பத்தி ஒன்றே ஒன்று, அதில் எழுத ஒரே எண். ஹயரார்க்கிஐடியும் ஒரு ரெக்கார்டுக்கு ஓர் இடம்தான் தரும்.

பி.ஓ.எம். (எதற்குள் எந்தப் பாகம், எத்தனை என்கிற பட்டியல்) அப்படி இல்லை. ஒரே ரோட்டார் இரண்டு பம்புக்குப் பிள்ளை. எம்8 போல்ட்டுக்கு எத்தனை தகப்பன் என்று அதற்கே தெரியாது. டேட்டாபேஸில் இருப்பது மரமே இல்லை, வலை. திரையில் மட்டும் அதை மரமாகக் காட்டப் பார்க்கிறோம்.

ஆப்ஜெக்ட்லிஸ்ட்வியூ ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள்: ஒரே ஆப்ஜெக்ட் மரத்தில் இரண்டு இடத்தில் வரக்கூடாது. எது திறந்திருக்கிறது, எது எந்த வரியில் என்பதை அந்த ஆப்ஜெக்டை வைத்தே அது நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அது என்ன செய்யும்?

ஒரு கேள்வி. உங்கள் பாகம் கிளாஸில் ஈக்வல்ஸ், அதாவது இரண்டு ஆப்ஜெக்ட் ஒன்றுதானா என்று சொல்கிற ஃபங்ஷன், எழுதி வைத்திருக்கிறீர்களா?

பம்ப்செட்_புரோகிராமர் எழுதியது:

ஐயோ, ஆமாம். பாகம் எண் ஒன்றானால் இரண்டும் ஒன்று என்று ஈக்வல்ஸும் கெட்ஹாஷ்கோடும் எழுதியிருக்கிறேன். வேறொரு திரையில் காம்போ பாக்ஸுக்குத் தேவைப்பட்டது, நான்கு வருடம் முன்னால். மறந்தே போயிற்று.

பழைய_டெல்பி எழுதியது:

அப்புறம் என்ன, புதிது புதிதாக ஆப்ஜெக்ட் செய்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். காம்போ பாக்ஸைக் கெடுக்க வேண்டாம், அந்தக் கிளாஸ் அப்படியே இருக்கட்டும். திரைக்கென்று தனியாக ஒரு சின்னக் கிளாஸ் எழுதுங்கள். பெயர் "கணு" என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் நான்கே சங்கதி: எந்தப் பாகம், இந்த இடத்தில் எத்தனை, மேலே எந்தக் கணு, பிள்ளைக் கணுக்களின் பட்டியல். ஈக்வல்ஸ் எழுதவே எழுதாதீர்கள். வீட்டு பம்பின் ரோட்டார் ஒரு கணு, தோட்டத்து பம்பின் ரோட்டார் வேறு கணு, இரண்டும் காட்டுவது ஒரே பாகத்தை.

போல்ட் 6 காட்டியதும் இதனால்தான். எண்ணிக்கை பாகத்தின் குணம் இல்லை, தொடுப்பின் குணம். அதைப் பாகத்தின் மேல் எழுதி வைத்தால், கடைசியாக எழுதியவன் ஜெயிப்பான். 4 எழுதின பிறகு மோட்டார் பாடி வந்து 6 எழுதியிருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். சில்ரன்கெட்டரில் (பிள்ளைகளை எடுத்துக் கொடுக்க நீங்கள் எழுதுகிற ஃபங்ஷன்) ஒவ்வொரு தடவையும் புதுக் கணு செய்து கொடுத்தால், ரிஃப்ரெஷ் செய்யும்போது திறந்திருந்த கிளை எல்லாம் மூடிக்கொள்ளும், ஏனென்றால் அதற்கு எல்லாரும் புது ஆள். முதல் தடவை செய்ததைக் கணுவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அதையே கொடுங்கள். நான் டெல்பியில் விர்ச்சுவல் ட்ரீவியூ பிழைப்பில் வந்தவன். அங்கே இந்தக் கூத்தே இல்லை, நோடு ஒன்று, டேட்டா வேறொன்று என்று முதலிலேயே பிரித்துவிடுவார்கள். அதையே இங்கே கையால் செய்கிறோம், அவ்வளவுதான்.

ஸ்க்ரோல் திக்குவதற்குக் காரணத்தை ஊகித்துச் சொல்கிறேன். இந்த வரியைத் திறக்க முடியுமா என்று சொல்கிற கேன்எக்ஸ்பேண்ட்கெட்டருக்குள் "பிள்ளை உண்டா" என்று டேட்டாபேஸைக் கேட்டு ஒரு க்வெரி ஓட்டுகிறீர்கள். சரியா?

பம்ப்செட்_புரோகிராமர் எழுதியது:

சரியேதான். கேமரா எதுவும் வைத்திருக்கிறீர்களா?

பழைய_டெல்பி எழுதியது:

எல்லாரும் செய்கிற தப்புதான். கூட்டல் குறி போடலாமா வேண்டாமா என்று திரையில் தெரிகிற ஒவ்வொரு வரிக்கும், வரையும்போதெல்லாம் அதைக் கூப்பிடும். 30 வரி தெரிந்தால் 30 க்வெரி. மவுஸ் சக்கரத்தை ஒரு திருப்புத் திருப்பினால் இன்னும் ஒரு கட்டு.

9,400 ரெக்கார்டு ஒன்றுமே இல்லை. திரை திறக்கும்போது ஒரே செலக்டில் எல்லாவற்றையும் மெமரிக்குக் கொண்டு வாருங்கள். பேரன்ட் எண்ணை வைத்து டுலுக்அப் போட்டுவிடுங்கள், எண்ணைக் கொடுத்தால் அதன் பிள்ளைகளைக் கொடுக்கிற லுக்அப் பட்டியல் கிடைக்கும். டிக்‌ஷனரி வேண்டாம். பிள்ளை இல்லாத எண்ணைக் கேட்டால் டிக்‌ஷனரி எக்ஸெப்ஷன் எறியும், லுக்அப் காலிப் பட்டியல் கொடுக்கும். போல்ட்டுக்குப் பிள்ளை ஏது, அதனால் காலிதான் அதிகம் வரும்.

பம்ப்செட்_புரோகிராமர் எழுதியது (இரண்டு நாள் கழித்து):

கணு வேலை செய்கிறது. கேசிங்கில் 4, மோட்டார் பாடியில் 6. ஸ்க்ரோல் வெண்ணெய்.

ஆனால் புதுசாக ஒரு சோதனை. "எல்லாம் திற" பட்டனை அழுத்தினால் திரை உறைந்துபோகிறது, டாஸ்க் மேனேஜரில் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. முன்பு இப்படி ஆகவில்லையே?

தறிக்காரன் எழுதியது:

உங்கள் டேட்டாவில் வட்டம் இருக்கிறது. யாரோ ஓர் அசெம்பிளியை அதன் பேரப்பிள்ளைக்குள் போட்டிருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கணு செய்வதால், முடிவே இல்லாமல் செய்துகொண்டே போகிறது.

திரையில் தடுப்பது சுலபம். பிள்ளைக் கணு செய்யும்போது மேலே இருக்கிற கணுக்கள் வழியாக ரூட் வரை ஏறிப் பாருங்கள். அதே பாகம் எண் எதிர்ப்பட்டால் சிவப்பில் காட்டிவிட்டு அதற்குப் பிள்ளை கொடுக்காதீர்கள்.

அப்படியே சேமிக்கிற இடத்திலும் ஒரு காவல் போடுங்கள். புதிதாகச் சேர்க்கிற பாகத்திலிருந்து கீழே இறங்கிப் பார்க்கும் ரிகர்சிவ் சிடிஇ, அதாவது படிப்படியாகத் தன்னையே திரும்பக் கூப்பிடுகிற க்வெரி. அதில் தகப்பனின் எண் வந்தால் சேமிக்க விடக்கூடாது. எஸ்க்யூஎல் சர்வர் இயல்பாக 100 படி இறங்கியதும் பிழை சொல்லி நிறுத்திவிடும், ஆனால் அந்த 100-ஐ நம்பி இருக்காதீர்கள். கடந்து வந்த எண்களை ஒரு சரமாகக் கோத்துக்கொண்டே போய், அதில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின் இரு பக்கமும் சாய்கோடு வேண்டும், இல்லாவிட்டால் 12-ஐத் தேடும்போது 312 மாட்டும். அந்தச் சரத்தை மேல் பகுதியிலும் கீழ்ப் பகுதியிலும் ஒரே மாதிரி வார்சார் மேக்ஸ் என்ற எழுத்து வகைக்குக் காஸ்ட் செய்யுங்கள் (மாற்றுங்கள்). செய்யாவிட்டால் வகை பொருந்தவில்லை என்று பிழை வரும். நான் அதில் ஒரு மத்தியானத்தைத் தொலைத்திருக்கிறேன்.

பம்ப்செட்_புரோகிராமர் எழுதியது:

கண்டுபிடித்துவிட்டேன். ரோட்டார் அசெம்பிளிக்குள் ஷாஃப்ட் அசெம்பிளி, ஷாஃப்ட் அசெம்பிளிக்குள் ரோட்டார் அசெம்பிளி. போட்டது யார் என்று பார்த்தேன். லாக்கில் என் பெயர்தான் இருக்கிறது, டெஸ்ட் டேட்டா என்று போட்டு அழிக்காமல் விட்டிருக்கிறேன். இரண்டு காவலும் போட்டாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸ்காரர் புதுத் திரையைப் பார்த்துவிட்டு, "6204 பேரிங் தீரப் போகுது. அது எந்தெந்த பம்புக்குப் போகுதுன்னு இதுல தெரியுமா?" என்று கேட்டார். மரத்தை அப்படியே கவிழ்த்தேன். அதே கணு கிளாஸ்தான், லுக்அப்பை மட்டும் பேரன்ட் எண்ணுக்குப் பதிலாகச் சைல்டு எண்ணில் போட்டேன். மேலே பேரிங், திறந்தால் ரோட்டார், அதைத் திறந்தால் வீட்டு பம்பும் தோட்டத்து பம்பும். அரை மணி நேர வேலை. இப்போது அவர் மேசையில் நாள் முழுக்கத் திறந்திருப்பது அந்தக் கவிழ்ந்த மரம்தான். முதலாளி கேட்ட திரையை முதலாளி இன்னும் பார்க்கவில்லை.

பழைய டெல்பி அண்ணாவுக்கும் தறிக்காரருக்கும் நன்றி. நைட்ஷிப்ட் தம்பி, உங்கள் யோசனையை அசெட் லிஸ்டுக்கு எடுத்துக்கொள்கிறேன், அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே தகப்பன்தான்.